பச்சையில் கறுப்புக் கோடு

அறுபத்து நான்கு வயர்கள். அமலியின் வெள்ளைக் காரில், டேஷ்போர்டுக்குக் கீழே மறைந்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போகிற வயர்களின் எண்ணிக்கை அது. அவற்றில் பதினொன்று பச்சை, ஒன்பது பழுப்பு. கொடைக்கானலில் இருபத்தாறு ஆண்டுகளாக வண்டிகளுக்கு மின்வேலை பார்த்துவரும் ஒலியுல்லாவின் கண்ணுக்கு அந்த இருபதும் ஒரே நிறம்.

போன வாரம் வரை இதை அறிந்தவர் ஒருவர்தான். அவர் மனைவி ஃபக்ருன்னிசா. திருச்சியில் படிக்கும் மகள் ஸைமாவுக்குக்கூடத் தெரியாது.

ஒலியுல்லாவுக்கு வயது நாற்பத்தேழு. அப்பா பஜாரில் பூண்டும் கேரட்டும் ஏற்றி அனுப்பிய வியாபாரி. நான்காம் வகுப்பில் ஒலியுல்லா வரைந்த மரத்தில் இலையெல்லாம் பழுப்பாக இருந்தது. வாத்தியார் காதைத் திருகினார். இருபது வயதில் ரயில்வே வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறி மதுரைக்குப் போனார். மருத்துவப் பரிசோதனையில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். அவருக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. மலைக்குத் திரும்பி வந்து, அந்த வேலை பிடிக்கவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார். அடுத்த மாதமே ஒரு ஜீப் பட்டறையில் சேர்ந்தார்.

ஜீப்பில் நிறம் பெரிய விஷயமில்லை. சுவிட்சிலிருந்து விளக்குக்கு ஒரு வயர், ஹாரனுக்கு ஒரு வயர். எது எங்கே ஓடுகிறது என்று கை பழகிவிட்டால் போதும். சந்தேகம் வந்தால் டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்க்கலாம். பதினான்கு ஆண்டுகள் அப்படியே ஓடின.

ஃபக்ருன்னிசா பழனிக்காரர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்தவர். கல்யாணமான முதல் ரம்ஜானுக்கு ஒலியுல்லா அவருக்கு ஒரு சேலை வாங்கி வந்து, "கிளிப்பச்சை. ஒனக்கு நல்லாருக்கும்" என்றார். சேலை மண் நிறத்தில் இருந்தது. ஃபக்ருன்னிசா அதையே உடுத்திக்கொண்டு பெருநாள் முழுக்க எல்லார் வீட்டுக்கும் போய் வந்தார். மூன்றாம் நாள், சமையற்கட்டில் ஒரு தட்டில் பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் வைத்து, "இதுல பச்சை எது, எடுங்க பாப்போம்" என்றார். ஒலியுல்லா இரண்டையும் நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். அதோடு ஃபக்ருன்னிசாவுக்குப் புரிந்துவிட்டது.

"சரி விடுங்க. இதை எதுக்கு நாலு பேர்ட்ட சொல்லிக்கிட்டு?" என்று தட்டை எடுத்து வைத்துவிட்டார்.

பிறகு பெட்டி வைத்த கார்கள் மலையேறி வந்தன. பட்டறைகளில் அதற்குப் பெயர் பிசிஎம். எஞ்சினைக் கவனிக்க வேறு பெட்டி உண்டு. இந்தப் பெட்டியின் பொறுப்பு விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றி இறக்குவது. பழைய ஜீப்பில் சுவிட்சைப் போட்டால் மின்சாரம் நேராக விளக்குக்குப் போகும். இதில் சுவிட்ச் பெட்டிக்குத் தகவல் மட்டும்தான் சொல்லும். கதவு மூடியிருக்கிறதா, சாவி எந்த நிலையில் இருக்கிறது, பேட்டரி தாங்குமா என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகு பெட்டிதான் விளக்குக்கு மின்சாரத்தை விடும். எவ்வளவு போகிறது என்று அளந்துகொண்டும் இருக்கும். இண்டிகேட்டர் பல்பு ஒன்று பியூஸ் போனால் மற்றதைப் படபடவென்று அடிக்கவைத்துக் காட்டிக்கொடுக்கும். கதவை மூடினால் உள்விளக்கை உடனே அணைக்காது, மெல்ல மெல்லக் குறைக்கும். அந்த ஒன்று மட்டும் ஒலியுல்லாவுக்கு ரொம்பப் பிடிக்கும். வேலை முடிந்த காரின் கதவைச் சாத்திவிட்டு, விளக்கு முழுக்க அணையும்வரை நின்று பார்ப்பார்.

அந்தப் பெட்டிக்குள் போகும் வயர்கள்தான் அவரைத் திணறடித்தன. ஃபக்ருன்னிசா டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். ஒலியுல்லா மல்லாந்து படுத்து டேஷ்போர்டுக்குள் தலையை விட்டு ஒரு வயரைத் தொடுவார். "இது?" என்பார். "சிவப்பு. மஞ்சக் கோடு." "இது?" "பச்சை." வெளியே நிற்பவர் காதில் விழாத குரலில் பன்னிரண்டு ஆண்டுகள் இந்தப் பேச்சு நடந்தது. பஸ் ஸ்டாண்டு டிரைவர்களுக்கு அது ஒரு நிரந்தரக் கேலி. சம்சாரம் டார்ச்சு பிடிக்காவிட்டால் பாய்க்குக் கை ஓடாது என்பார்கள். ஒலியுல்லா சிரித்துக்கொள்வார்.

இந்த மாதம் ஃபக்ருன்னிசாவுக்கு ஒரு கடிதம் வந்தது. வத்தலக்குண்டில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் வண்டி மின்வேலை சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், செவ்வாய்க்கிழமை நேர்காணல். டிப்ளமா முடித்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, அவர் பெயருக்கு வந்த முதல் வேலைக் கடிதம். தினமும் மலை இறங்கி ஏற முடியாது. வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே அக்கா வீட்டில் தங்க வேண்டும்.

"நான் போய்ட்டா ஒங்களுக்கு நெறம் யாரு சொல்லுவா?" என்று கேட்டார் ஃபக்ருன்னிசா.

"நீ போய்ட்டு வா. ஒரு நாளு தனியாப் பாத்துக் காட்டுறேன், அப்பறம் பேசு" என்றார் ஒலியுல்லா.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அமலி வந்தார். அட்டுவம்பட்டிக்காரர், முப்பத்தைந்து வயது, பதினொரு ஆண்டுகளாக டாக்ஸி ஓட்டுகிறார். வங்கிக் கடனில் எடுத்த புது வண்டி. மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. மலையில் புது வண்டிக்கு மந்திரிப்போ பூஜையோ முடிந்தால் அடுத்த சடங்கு ஃபாக் லைட். பம்பரில் இரண்டு மஞ்சள் விளக்கு இல்லாமல் பனிக்குள் எந்த டிரைவரும் இறங்கமாட்டார். ஜீப் காலத்திலிருந்து அதற்கு ஒரே முறைதான். கிடைத்த வயரைச் சுரண்டி, இன்னொன்றை முறுக்கி, டேப் சுற்றிவிடுவது.

ஒலியுல்லாவுக்கு அதைவிடக் கூடுதலாகத் தெரியும். பெட்டி காவல் காக்கும் வயரில் கைவைக்கக் கூடாது, ஃபியூஸ் பலகையிலிருந்து நேராக வரும் பழுப்பு வயரில்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். பழுப்பில் கறுப்புக் கோடு. அன்று அவரே டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு கோட்டைத் தேடினார். கறுப்புக் கோடு போட்ட வயர் கிடைத்தது. சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றினார். ஹெட்லைட்டோடு சேர்த்துச் சுவிட்சைப் போட்டதும் மஞ்சள் விளக்கு இரண்டும் எரிந்தன. மாலையில் ஊர் திரும்பிய மனைவியிடம், "தனியாப் பாத்தேன். எரியுது" என்றார். ஃபக்ருன்னிசாவுக்கு வேலையும் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அன்று அந்த வீட்டில் பிரியாணி.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அமலி பெருமாள்மலையிலிருந்து ஊருக்கு ஏறிக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் ஹெப்சிபா டீச்சர், பல் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்புகிறார், நல்ல தூக்கம். பனி இறங்கி ரோட்டை மூடியிருந்தது. ஹெட்லைட்டும் ஃபாக் லைட்டும் எரிய, கால்மணி நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒரு வளைவில் வலது ஹெட்லைட்டும் இரண்டு மஞ்சள் விளக்கும் ஒன்றாக அணைந்தன. இடது விளக்கு மட்டும் மிஞ்சியது. எதிரே இறங்கி வந்த காய்கறி லாரிக்காரர், ஓரமாக வரும் ஒற்றை விளக்கைப் பார்த்து மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நடு ரோட்டுக்கு வந்துவிட்டார். அமலி காரை இடதுபக்கச் சரிவோடு ஒட்டி நிறுத்தினார். லாரி உரசிக்கொண்டு போனதில் வலது பக்கக் கண்ணாடி பிய்ந்து விழுந்தது. ஹெப்சிபா டீச்சர் கண்விழித்து, "வீடு வந்துருச்சா அமலி?" என்று கேட்டாராம்.

வியாழக்கிழமை காலை கார் பட்டறை வாசலில் நின்றது.

"பாய், அந்தப் பெட்டிதான் போயிருச்சாம்" என்றார் அமலி. "கீழ சர்வீஸ்காரங்ககிட்ட போன்ல கேட்டேன். பிசிஎம் அவுட்டா இருக்கும், புதுசு வரப் பத்து நாளாகும்னுட்டாங்க. சீசன் நேரத்துல பத்து நாள் வண்டியை நிறுத்திப்புட்டு நான் என்ன பண்ண?"

ஹாரன் சரிபார்க்க வந்திருந்த ஜீப் டிரைவர் வேல்ராஜ் நடுவில் புகுந்தார். "இதுக்குத்தான் ஜீப்பு வாங்குன்னேன். சுவிட்சப் போட்டா எரியும், பெட்டிகிட்ட அனுமதி கேக்க வேணாம்."

"ஏலே, ஒன் ஜீப்பு போட்டாலும் எரியாதுலே. போன வாரம் செல்போன் வெளிச்சத்துல வண்டிய உருட்டிக்கிட்டு வந்தது யாரு?" என்றார் அமலி.

ஒலியுல்லா சிரிக்கவில்லை. அணைந்தவை எவை என்று கேட்டுக்கொண்டார். படுத்து, டேஷ்போர்டுக்குள் தலையை விட்டார். ஃபக்ருன்னிசா பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச்சை அடித்தார். செவ்வாய்க்கிழமை சுற்றிய புது டேப், வெளிச்சத்தில் பளபளத்தது.

"இது?" என்றார் ஒலியுல்லா.

டார்ச் இன்னும் கிட்டே வந்தது.

"பச்சை. கறுப்புக் கோடு."

"பழுப்பு இல்லையா?"

"இல்லைங்க. பழுப்பு அதுக்குப் பக்கத்துல கெடக்கு."

பச்சையில் கறுப்புக் கோடு, வலது ஹெட்லைட்டுக்குப் பெட்டி மின்சாரம் அனுப்புகிற வயர். ஒரு விளக்குக்கு அளந்து அனுப்பியதை மூன்று விளக்குகள் குடித்தன. பெட்டி கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்தது. வயர் சூடேறித் தீப்பிடிக்கும் என்று கணக்குப் போட்டு அந்த வழியையே அடைத்துவிட்டது. அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது.

ஃபக்ருன்னிசா குனிந்து, அவர் காதுக்கு மட்டும் எட்டும்படி பேசினார். "டேப்ப எடுத்துட்டுப் பழுப்புல மாத்திருங்க. ரெண்டு நிமிச சோலி. பெட்டிதான் மக்கர் பண்ணுச்சு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிருவோம். நான் வத்தலக்குண்டுக்குப் போகல."

ஒலியுல்லா வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்தார். நன்றாகத் துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அமலி, பெட்டி மேல தப்பு இல்ல. என் மேலதான். எனக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணாத்தான் தெரியும். சின்னதுலருந்தே அப்படி. இவதான் நெறம் சொல்லுவா. அன்னைக்கு இவ ஊர்ல இல்ல. தப்பான வயர்ல கொடுத்துட்டேன்."

வேல்ராஜ் ஜீப்பை விட்டுக் கிட்டே வந்து நின்றார்.

"பின்னால டீச்சர் ஒக்காந்திருந்தாங்க பாய்" என்றார் அமலி.

"தெரியும்மா."

"தெரியும்னா? லாரி இன்னும் ஒரு சாண் வந்திருந்தா? எனக்கு ரெண்டு பிள்ளைக கெடக்கு." அமலி திரும்பி நடந்து, எதிர்ப்பக்க டீக்கடை வாசலில் போய் நின்றார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே திருப்பிக் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்து வந்தார்.

"மொதல்ல எரிய வைங்க. மத்ததப் பெறகு பேசிக்கிடுவோம்."

ஒலியுல்லா பழைய இணைப்பைப் பிரித்து, சுரண்டிய இடத்தை மூடினார். ஹெட்லைட் அப்போதும் எரியவில்லை. ஃபக்ருன்னிசா, பெட்டி பதிந்துவைத்த கோளாறைக் காட்டும் ஸ்கேனரைச் செருகிப் படித்தார். "வலது ஹெட்லைட், மின்சாரம் அளவுக்கு மேல. வயர் செருகுற பின் நம்பர் இருபத்தேழு. வழியை அடைச்சு வச்சிருக்கு. நாமதான் தொறந்துவிடணும்." திறப்பதற்கு முன் பெட்டியின் வாயில் ஏதும் கருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒலியுல்லா பெட்டியில் செருகியிருந்த கப்ளரைக் கழற்றி, அறுபத்து நான்கு வயர்களும் கொத்தாகத் தொங்க, அதை டார்ச் வெளிச்சத்தில் திருப்பினார். பிளாஸ்டிக் ஓரத்தில், வரிசைக்கு ஒன்றாக, எறும்பளவு எண்கள் வார்க்கப்பட்டிருந்தன. ஒன்று. பதினேழு. முப்பத்து மூன்று. நாற்பத்தொன்பது.

அவர் வாய் வழக்கம்போல "இது?" என்று கேட்கப் போய், நின்றுவிட்டது. மீட்டரின் முனையை இரண்டாவது வரிசையில் வைத்து எண்ணினார். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது... இருபத்தேழு. மறுமுனையின் ஊசியைச் செவ்வாய்க்கிழமை சுரண்டிய இடத்தில் குத்தினார். மீட்டர் கீச்சென்றது.

"இதானே?"

"அதேதான்."

"இருபத்தெட்டு என்னது? வயரிங் படத்தப் பாத்துச் சொல்லு. நெறத்தச் சொல்லாத."

"இடது இண்டிகேட்டர்."

முன்பக்கம் போய் இண்டிகேட்டர் முனையில் வைத்துப் பார்த்தார். கீச். முப்பத்தொன்று, ஹாரன். கீச். ஐந்து, ஓட்டுநர் கதவு. கீச். சமதரையில் முதல்முறை சைக்கிள் விட்டவர்போல ஒலியுல்லா காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கப்ளரைத் திரும்பச் செருகிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். உள்விளக்கு மெல்லக் குறைய ஆரம்பித்தது.

"இந்த நம்பரு எல்லாப் பெட்டியிலயும் இருக்கா?"

"இருக்கு" என்றார் ஃபக்ருன்னிசா.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

அவர் டார்ச்சை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். "மொதப் பெட்டி வந்தப்பவே. படத்துலயே போட்டிருக்கும்."

"பன்னெண்டு வருசமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நான் எதுக்கு? டார்ச்சத் தொங்கவிட ஒரு ஆணி போதுமே."

ஒலியுல்லா கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உள்விளக்கு முழுக்க அணைந்தது.

"செவ்வாக்கெழம போறப்பவாவது சொல்லியிருக்கணும்" என்றார் ஃபக்ருன்னிசா. "சொல்லணும்னுதான் நெனச்சேன். சொல்லிட்டா, நான் இல்லாமலே ஒங்களுக்கு ஓடிரும்னு தோணுச்சு. பஸ் ஏறிட்டேன். என் மேலயும் தப்பு."

"ஆணி டீ போட்டுத் தராது" என்றார் ஒலியுல்லா.

அமலி ஜன்னலைத் தட்டினார். "ரெண்டு பேரும் குடும்பம் நடத்தி முடிச்சாச்சுன்னா என் வண்டியத் தருவீங்களா?"

ஃபக்ருன்னிசா ஸ்கேனரில் வழியைத் திறந்துவிட்டார். வலது ஹெட்லைட் எரிந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஃபாக் லைட்டுக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ் வைத்து, பழுப்பு வயரை இந்த முறை எண்ணைப் பார்த்து எடுத்து, மீட்டரில் இரண்டு தடவை சோதித்துக் கொடுத்தார் ஒலியுல்லா. புதுக் கண்ணாடியும் மாட்டினார். மாலை மூன்றரைக்குப் பனி இறங்கியதும், எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு அமலி பெருமாள்மலை வரை போய்த் திரும்பினார். பக்கத்தில் ஒலியுல்லா. ஐம்பது நிமிடம். ஒன்றும் அணையவில்லை.

பட்டறை வாசலில் அவரை இறக்கிவிட்டபோது அமலி சொன்னார்: "இனிமே என் வண்டில எதை வெட்டுனாலும் நம்பரச் சத்தமாச் சொல்லிட்டுத்தான் வெட்டணும். நான் பக்கத்துல நிப்பேன்."

"நில்லும்மா."

செய்தியை ஊருக்குச் சொல்லும் வேலையை வேல்ராஜ் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஒலியுல்லா வெளியே வருவதற்குள் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பரவியிருந்தது. ஒருவர் குல்லாவைக் காட்டி, "பாய், இது என்ன கலரு?" என்றார். இன்னொருவர் கேரட்டைக் காட்டினார். வழக்கமாக வருகிற இரண்டு டாக்ஸிகள் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. சனிக்கிழமை வேல்ராஜ் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். இன்னும் ஹாரன்தான் பிரச்சினை.

அன்று மதியம் மகள் ஸைமாவுக்குப் போன் போட்டு ஒலியுல்லாவே விஷயத்தைச் சொன்னார். அவள், "அத்தா, அப்ப எனக்கு வாங்கிட்டு வந்த அந்தப் பச்சை ஸ்வெட்டர்?" என்று கேட்டாள். "அது பச்சை இல்லையா?" என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறக்கவில்லை. கணவனும் மனைவியும் வீட்டில் உட்கார்ந்து, மலையில் அதிகம் ஓடுகிற பதினான்கு வகைக் கார்களின் வரைபடங்களைப் பார்த்து, ஒரு நீள நோட்டில் பெட்டியின் எண்களை எழுதினார்கள். ஃபக்ருன்னிசா வாசிக்க, ஒலியுல்லா எழுதினார். இருபத்தேழு, வலது ஹெட்லைட். இருபத்தெட்டு, இடது இண்டிகேட்டர். நிறம் எதுவும் அந்த நோட்டில் இல்லை. ஒன்பது கார்கள் முடிந்தன. மிச்சம் ஐந்தை ஃபக்ருன்னிசா போனில் சொல்வதாக ஏற்பாடு. டார்ச்சுக்கு ஓட்டுநர் இருக்கைப் பக்கம் மாட்டிக்கொள்ள ஒரு கம்பிக் கொக்கியை ஒலியுல்லா வளைத்து வைத்தார்.

நாளை திங்கட்கிழமை. வெள்ளனே ஐந்தரைக்கு அமலியின் கார் வீட்டு வாசலுக்கு வரும். ஃபக்ருன்னிசா வத்தலக்குண்டில் இறங்குவார். முதல் வகுப்பு ஒன்பதரைக்கு. வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் திரும்புவார். பட்டறை வழக்கம்போல ஒன்பது மணிக்குத் திறக்கும்.